அமெரிக்க மாநிலங்கள் இயற்றும் மருத்துவ மறுகாப்பீட்டுச் சட்டங்களால் பாலிசிதாரருக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. பெருஞ்செலவு ஆகும் நோயாளிகளுக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை மாநிலமே ஏற்றுக்கொள்வதுதான் இங்கே மறுகாப்பீடு. எனக்குக் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மேரிலாந்தில் வசிக்கிறோம். 2016-இல் வேலையை விட்டுவிட்டு, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் தொழிலைத் தொடங்கினேன். அன்றிலிருந்து காப்பீடு எங்கள் கைப்பணத்தில்தான். பிரீமியம் கட்ட மத்திய அரசு தரும் மானியத்துக்கான வரம்பை எங்கள் வருமானம் சற்றே தாண்டியிருந்ததால், பிரீமியம் ஏறினால் ஏறிய தொகை முழுவதும் எங்கள் தலையில் விழும். 2018-இல் மாநிலத்தில் தனிநபர் பாலிசி விற்றவை இரண்டே நிறுவனங்கள். அடுத்த ஆண்டுக்கு அவை கேட்ட உயர்வு சராசரியாக 30 விழுக்காடு. பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்று அன்றிரவு நானும் மனைவியும் நெடுநேரம் பேசினோம்.

இவ்வளவு உயர்வுக்குக் காரணம், தனியாகப் பாலிசி வாங்குகிறவர்களின் கூட்டம் சிறியது என்பதுதான். புற்றுநோய்க்கோ இரத்தம் உறையாமைக்கோ சிகிச்சை பெறும் சிலருடைய பெருஞ்செலவை அந்தச் சிறு கூட்டமே சுமக்க வேண்டும். பிரீமியம் ஏற ஏற உடல்நலம் உள்ளவர்கள் விலகுவார்கள். மிஞ்சியவர்களின் சுமை இன்னும் கூடும்.

மறுகாப்பீட்டுச் சட்டம் கைவைப்பது இந்த இடத்தில்தான். மேரிலாந்தில் 2019-இல் ஒருவரின் ஆண்டுச் செலவு 20,000 டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் 2,50,000 டாலர் வரையிலான தொகையில் 80 விழுக்காட்டை மாநில நிதி ஏற்றது. 1,20,000 டாலர் செலவான நோயாளிக்கு நிதி கொடுப்பது 80,000. நிறுவனத்தின் பங்கு 40,000. நோயாளிக்கு இது தெரியவே தெரியாது. அவரது பாலிசியில் எதுவும் மாறுவதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? காப்பீட்டு நிறுவனங்கள் மீது மத்திய அரசு விதித்திருந்த கட்டணம் 2019-க்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் மாநிலம் 2.75 விழுக்காடு கட்டணம் விதித்துக்கொண்டது. ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றம் நிறைவேற்றியதற்குக் குடியரசுக் கட்சி ஆளுநர் லாரி ஹோகன் 2018 ஏப்ரலில் கையெழுத்திட்டார். இரு கட்சியினரும் சேர்ந்து செய்த அந்த வேலையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 2019-இல் பிரீமியம் 30 விழுக்காடு ஏறவில்லை, சராசரியாக 13.2 விழுக்காடு இறங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இறங்கியது. நான் பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

இதற்கு வழிகாட்டியது அலாஸ்கா. 2016-இல் அங்கே 5.5 கோடி டாலரை ஒதுக்கிச் சட்டம் இயற்றினார்கள். 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறவிருந்த பிரீமியம் 2017-இல் சுமார் 7 விழுக்காட்டோடு நின்றது. பிரீமியம் குறைந்தால் மத்திய அரசு தரவேண்டிய மானியமும் குறையும் அல்லவா? அப்படி மிச்சமாகும் தொகையை, ‘ஒபாமாகேர்’ எனப்படும் மத்திய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1332-ஆம் பிரிவின்படி மாநிலத்துக்கே கேட்டு வாங்கலாம். அலாஸ்கா 2017 ஜூலையில் அந்த அனுமதியைப் பெற்றது. பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

என் நண்பர் ஒருவர் டாக்சி ஓட்டுகிறார், மானியம் பெறுபவர். அவருக்கு இச்சட்டத்தால் பெரிய பயனில்லை. வருமானத்துக்கேற்ற ஒரு தொகைக்கு மேல் அவர் கட்ட வேண்டியதே இல்லை. அவருக்குத் தொல்லைகூட வரலாம். மானியம் ‘வெள்ளி’ எனப்படும் நடுத்தரத் திட்டத்தின் விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த விலை இறங்கினால் மானியமும் இறங்கும். அவர் எடுத்திருக்கும், பிரீமியம் குறைவான ‘வெண்கல’த் திட்டத்தின் விலை அதே அளவு இறங்காவிட்டால், கைப்பணம் கூடுதலாகப் போகும். மருத்துவமனைகள் கேட்கும் கட்டணத்தையும் இச்சட்டம் தொடுவதில்லை. பில் அதேதான், அதைப் பகிர்பவர்கள்தாம் அதிகமாகிறார்கள். அப்படிப் பகிர்வதே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

2021 முதல் 2025 வரை மானிய வரம்பு தளர்த்தப்பட்டிருந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கும் உதவி கிடைத்தது. அது முடிந்துவிட்டதால் மறுகாப்பீடு மீண்டும் எங்களுக்கு முக்கியமாகிவிட்டது. நீங்கள் மானியத்தில் இருப்பவரானால், நவம்பரில் பதிவு தொடங்கியதும் பழைய திட்டத்தை அப்படியே தொடரவிடாமல், மானியம் போக நீங்கள் கட்டப்போகும் தொகையை ஒவ்வொரு திட்டத்துக்கும் பார்த்துவிடுங்கள்.