ஒரகடம் வந்த ஜப்பான் பொறியாளர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஜப்பானிலிருந்து இரண்டு பொறியாளர்கள் மூன்று வருடப் பணிக்கு வந்திருக்கிறார்கள். "திங்கட்கிழமை முடியும் என்றார்கள், முடியவில்லை. முன்பே ஏன் சொல்லவில்லை?" என்பது அவர்கள் குறை. "எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று குடைகிறார்கள்" என்பது நம் ஆட்களின் குறை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல இரண்டு தரப்புக்குமே வாய் வராது. நம் சூப்பர்வைசர் தலையை ஆட்டி, "பாத்துக்கலாம் சார்" என்பார். ஜப்பானியர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "கொஞ்சம் கடினம்" என்பார். அது பெரும்பாலும் முடிவான மறுப்பு. நம் சப்ளையரோ பேரம் இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்து மறுநாளும் வந்து நிற்பார்.

முதல் வேலையாக, 'முடியுமா?' என்று கேட்பதை நிறுத்தும்படி ஜப்பான் பொறியாளர்களிடம் சொல்லுங்கள். மேலதிகாரி அப்படிக் கேட்டால் 'சரி' தவிர வேறு பதில் வராது. பத்துப் பேர் நடுவில் கேட்டால் நிச்சயம் வராது. "இதற்கு முன் எது வந்து சேர வேண்டும்? அது யார் கையில் இருக்கிறது? எந்தத் தேதி?" என்று தனியாகக் கேட்கட்டும். ஒரு வார வேலை என்றால் மூன்றாம் நாளே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஜப்பானில் புதிதாகச் சேருபவருக்கே 'ஹோரென்சோ' பழக்குவார்கள்: நிலவரத்தை அறிவி, தகவல் சொல், கலந்து பேசு. கெட்ட செய்தி சீக்கிரம் வந்தால் அவர்கள் கோபிப்பது குறைவு. கடைசி நாளில் வந்தால்தான் நம்பிக்கை போகும். இதை நம் ஆட்களுக்குத் தமிழில் விளக்குங்கள்.

அந்த 'ஏன்', டொயோட்டா பரப்பிய முறை: மூல காரணம் கிடைக்கும்வரை ஐந்து முறை கேட்பது. டூல் ஏன் உடைந்தது? கூலன்ட் வரவில்லை. ஏன்? ஃபில்டர் அடைத்திருந்தது. ஏன்? யாரும் சுத்தம் செய்யவில்லை. ஏன்? செக்லிஸ்ட்டில் அந்த வரியே இல்லை. ஏன்? புது மெஷின் வந்தபோது பட்டியலைத் திருத்தவில்லை. ஆபரேட்டர் காதில் மூன்றாவது 'ஏன்' குற்றச்சாட்டாகவே விழும். கேள்வியை லைன் லீடர் தமிழில் கேட்கட்டும், மெஷின் பக்கத்தில் நின்றபடி. இந்தக் கேள்வி-பதிலைக் குறிக்கும் தாளில் ஆள் பெயருக்குக் கட்டமே வைக்காதீர்கள். மெமோ கொடுக்க அந்தத் தாளை ஒரு முறை பயன்படுத்தினாலும் போதும், அப்புறம் உண்மை வராது.

கேள்வி: விடுமுறை நாட்களில் உற்பத்தித் திட்டம் இடிக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷினை நிறுத்துவதை எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: பூஜை அவர்களுக்குப் புதிதல்ல. ஜப்பானில் பல நிறுவனங்கள் புத்தாண்டில் ஷின்டோ ஆலயத்தில் பாதுகாப்பு வேண்டி வழிபடுகின்றன. தேதி தெரியாததுதான் சிக்கல். தமிழ்நாட்டுச் சட்டப்படி வருடத்துக்கு 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை. பட்டியலை டிசம்பரிலேயே கொடுங்கள். அங்கே பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பொங்கல் நெருக்கடியான நேரத்தில் வரும். அதைத் தனியாகக் குறியுங்கள். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும் ஜப்பான் அலுவலகங்கள் பல மூடியிருக்கும் என்பதை நம்மவர்களும் குறித்துக்கொள்ளட்டும். பூஜையன்று கற்பூரத்தைப் பெயின்ட் தின்னர், எண்ணெய் அருகே கொண்டுபோகாமல் இருந்தால் அவர்கள் கவலை பாதி தீரும்.

கேள்வி: ஜப்பானிய மேலாளர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். நான் சுத்த சைவம். காய்கறி மட்டும் என்று சொன்னால் போதுமா?
– வாசகர், பூந்தமல்லி

பதில்: போதாது. காய்கறி மட்டும் மிதக்கும் மிசோ (சோயா விழுது) சூப்பிலும், அதற்கு அடிப்படையான அடிநீர் பெரும்பாலும் உலர்மீன் சீவலில் எடுத்ததாக இருக்கும். அவர்கள் அதை மீன் உணவாகவே நினைப்பதில்லை. "'கொம்பு' என்ற கடற்பாசி அல்லது ஷீட்டாக்கே காளான் போட்ட அடிநீர்" என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.