தொலைதூரத் தீவிலிருந்து விமானத்தில் பறந்து கடலை ஆராய்பவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, 2011 நவம்பரில் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டியாகோ கார்சியா தீவிலிருந்து பறந்திருக்கிறேன். அந்த நாளைச் சொல்கிறேன்.

ஆய்வின் பெயர் டைனமோ. 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய மழைமேகக் கூட்டம் உருவாகிக் கிழக்கே நகரும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் நம்மூர் வானிலை ஆர்வலர்கள் ‘எம்ஜேஓ வருது’ என்பார்களே, அதுதான். அது கிளம்புவதில் கடலுக்கு என்ன பங்கு என்பதே கேள்வி. கப்பல் ஓரிடத்தில்தான் நிற்கும். செயற்கைக்கோளுக்குக் கடலின் மேல்தோல்தான் தெரியும். அதனால்தான் விமானம்.

காலையில் வானிலை வரைபடத்தைப் பார்த்துப் பாதையை முடிவு செய்வார்கள். அப்புறம் ஓடுதளத்துக்குப் போவோம். தீவில் கழுதைகள் திரியும். தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள். தோப்பில் உழைத்த மக்களையோ அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973-க்குள் மொரீஷியசுக்கும் செஷல்சுக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கழுதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

விமானம், அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவின் பி-3. நான்கு உந்துவிசிறிகள், உள்ளே ஓயாத இரைச்சல். காதில் ஹெட்போன் இல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம்கூடப் பேச முடியாது. வேலை இதுதான்: குறித்த இடம் வந்ததும் இரண்டு குழாய்க் கருவிகளைக் கீழே விடுவோம். டிராப்சாண்டு இறங்கும் வழியெல்லாம் காற்றின் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை அனுப்பும். கடலைத் தொட்டதும் அதன் வேலை முடிந்தது.

அங்கிருந்து இரண்டாவது கருவியான ஏஎக்ஸ்பிடி தொடங்கும். எனக்கு உயிரான கருவி இது. சிறு பாராசூட்டில் இறங்கி நீரில் விழும். மிதவை ஆன்டெனாவோடு மேலேயே நிற்க, மெல்லிய கம்பியில் ஒரு வெப்பமானி வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஆழத்துக்குப் போகும். ஆழத்தை அது அளப்பதில்லை. எவ்வளவு நேரம் இறங்கியது என்பதை வைத்து நாம்தான் கணக்கிட வேண்டும். வெப்பத்தை அது ஒலியாக அனுப்பும். 29 டிகிரி நீர் என்றால் ஏறத்தாழ 2480 ஹெர்ட்ஸ். ஒரு டிகிரி குறைந்தால் 36 ஹெர்ட்ஸ் இறங்கும்.

அதாவது, கடலைக் காதால் கேட்கலாம்!

முதல் ஏஎக்ஸ்பிடி விழுந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு கூர்மையான சுருதி. அது சிறிது நேரம் அசையாமல் நின்றது. வெயிலில் சூடான மேல்நீர். அப்புறம் சரசரவென்று சுருதி இறங்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பான நீர் முடிந்து குளிர்ந்த ஆழம் வந்துவிட்டது என்று திரையைப் பார்க்காமலே தெரிந்தது. சன்னலுக்கு வெளியே கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, மேகமே இல்லை. மழைக்கான வெப்பத்தை அது சேர்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

நவம்பர் கடைசியில் மேற்குக் காற்று வேகமெடுத்து, மேகங்கள் மலைபோல் எழுந்த பிறகு மறுபடி பறந்தோம். விமானம் குலுங்கியதில் என்னால் எதையும் எழுத முடியவில்லை. ஆனால் காதில் கேட்டது நினைவிருக்கிறது. சுருதி முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்து தொடங்கியது. காற்றும் மழையும் மேல்நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தன. காற்று மேல்நீரை ஆழம்வரை கலக்கிவிட்டிருந்ததால், அந்த ஒரே சுருதி முன்பைவிட நீண்ட நேரம் இறங்காமல் நின்றது.