எகிப்திய மன்னனின் ஐந்து பெயர்கள்

கேள்வி: எங்கள் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் குலப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன. எகிப்திய மன்னர்களுக்கும் இப்படி உண்டா?
– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பதில்: அங்கே குலப்பெயருக்கு இடமில்லை, ஆனால் மன்னன் ஒருவனுக்கே ஐந்து பெயர்கள் இருந்தன. பருந்துக் கடவுளான ஹோரஸின் பெயர், கழுகும் நாகமுமான இரு தேவியர் பெயர், பொன் ஹோரஸ் பெயர் ஆகிய மூன்றும், நம் மெய்க்கீர்த்திகளைப் போல, பெருமிதம் பேசுபவை. முடிசூடும்போது ஏற்கும் அரியணைப் பெயரும், ‘ராவின் (சூரியக் கடவுளின்) மகன்’ என்ற பட்டத்தோடு வரும் பிறவிப் பெயரும்தான் முக்கியமானவை. இவ்விரண்டை மட்டுமே, முடிச்சிட்ட கயிற்று வளையம் போன்ற நீள்வட்டச் சட்டத்துக்குள் பொறித்தார்கள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படித்தறியப் பெரிதும் துணைநின்றவை இந்தச் சட்டங்களே. இன்று நாம் பிறவிப் பெயரால் ‘இரண்டாம் ராம்சேஸ்’ என்று எண்ணிட்டு அழைப்பவனுக்கு அந்நாளில் எண் கிடையாது. ‘உசர்மாத்ரே செட்டெபென்ரே’ என்னும் அரியணைப் பெயரே அவனைத் தனித்துக் காட்டியது. பிறவிப் பெயரும் மாறாதது அன்று: சூரிய வட்டக் கடவுளான ஏட்டனின் வழிபாடு கைவிடப்பட்டபின் துட்டன்காட்டன் துட்டன்காமன் ஆனான், கல்லறையில் கிடைத்த அவனுடைய பொன் அரியணையில் இரு பெயர்களுமே உள்ளன.