அமெரிக்க மேற்குச் சுரங்கங்களில் விறகை அப்படியே எரிக்காமல் ஏன் கரியாக்கினார்கள்?

கலிபோர்னியாவின் டெத் வேலியில் இருக்கும் வைல்ட்ரோஸ் கல் சூளைகளைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்று: அவற்றில் யாரும் வெள்ளி உருக்கவில்லை. பயண வீடியோக்காரர்கள்தான் அப்படி அடித்துவிடுகிறார்கள். 1877இல் மோடாக் கம்பெனி கட்டிய அந்தப் பத்துச் சூளைகளும் விறகைக் கரியாக்க மட்டுமே. உருக்காலை அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, ஆர்கஸ் மலைத்தொடரில் இருந்தது.

பச்சை விறகை உலையில் போட்டால் அதன் ஈரத்தை ஓட்டவே நிறையச் சூடு போய்விடும். ஈயமும் வெள்ளியும் கலந்த தாதுவுக்குச் சூடு மட்டும் போதாது, ஆக்சிஜனைப் பிடுங்க கார்பன் மோனாக்சைடும் வேண்டும். கரியையும் தாதுவையும் மாற்றி மாற்றிக் கொட்டிக் கீழிருந்து காற்று ஊதினால் இரண்டும் கிடைக்கும். நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் எரிபொருளை வாங்கியிருக்கலாமே என்று யாராவது கமெண்டில் வருவார்கள். ரயில் எட்டாத மலைக்கு அதை வண்டி கட்டிக் கொண்டுவரும் கூலியே விலையைத் தின்றுவிடும். பின்யான் பைன், ஜூனிப்பர் மரங்கள் பக்கத்திலேயே நின்றன. கரியாக்கினால் எடை நாலில் ஒரு பங்குக்கு வந்துவிடும், கோவேறு கழுதைகளுக்கும் சுமை குறையும்.

நெவாடாவின் வார்டு சூளைகளில் ஒன்றுக்கு 35 கார்டு விறகு பிடிக்கும். ஒரு கார்டு 128 கன அடி. கீழ்வாசல் வழியே அடுக்கத் தொடங்கி, மேல்பாதியைப் பின்பக்கத்து ஜன்னல் வழியே நிரப்புவார்கள். தீ வைத்ததும் இரும்புக் கதவை அடைத்து, இடுக்கெல்லாம் பூசிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் அடிச்சுவரில் விட்ட காற்றுத் துளைகளின் கையில்தான். முதலில் வெள்ளைப் புகை, அது வெறும் நீராவி. நீலம் பூத்து மெலிந்தால் விறகு கரியாகிவிட்டது என்று பொருள். உடனே துளைகளை அடைக்க வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகும், முந்தினால் நடுவே வேகாத கட்டை நிற்கும். ஆறுமுன் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். ராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் அவர்கள் போடும் மண்மூட்டம் சரியும், கரியில் மண் கலக்கும். கல் சூளையில் அந்தத் தொல்லை கிடையாது.

சூளையின் அழகைப் பேசுகிறவர்கள் கரி சுட்டவர்களைப் பேசுவதில்லை. நெவாடாவின் யுரேகாவில் அவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். ஒரு புஷல் (கரி அளக்கும் கொள்ளளவு) கரிக்கு 30 சென்ட் கேட்டு 1879இல் சங்கம் கட்டினார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஷெரிப்பின் (உள்ளூர்க் காவல் தலைவரின்) ஆட்கள் ஃபிஷ் கிரீக் என்ற இடத்தில் அவர்களில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.