புகை அடித்தும் டெங்கு நிற்கவில்லையே?

வணக்கம் சார். வாராவாரம் புகைமருந்து அடித்தும் உங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு டெங்கு வந்திருக்கிறது, கூடுதலாக அடிக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புகைக்காக மனு வேண்டாம். அது அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் துணிமணிக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கும். தெருப்புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது.

டிரம், சிமென்ட் தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், இவற்றைப் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாள்தான் ஆகும். கழுவ முடியாத சம்புக்கு (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) இறுக்கமான மூடி. கிணற்றுக்கு, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்.

மனுவை சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். தெரு முழுக்க ஒரே நாளில் கொசுப்புழு சோதனை நடக்க வேண்டும், பூட்டிய வீடும் மொட்டைமாடியும் சேர்த்து என்று கேளுங்கள்.

காய்ச்சல் கண்டவர்கள் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். ஏடிஸ் பகலில் கடிப்பது. அவர்களைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது.