வரிசையாக நிற்கும் எரிமலைக் கூம்புகள்: திசையை எப்போது நம்பலாம்?

கேள்வி: நிலவியல் முதுகலை மாணவன் நான். ஃபூஜி எரிமலைச் சரிவின் சிறு கூம்புகள் செயற்கைக்கோள் படத்தில் வரிசையாகத் தெரிகின்றன. அதை வைத்தே பழைய காலத் தகைவின் (பாறையை அழுத்திய அமுக்கத்தின்) திசையைச் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லலாம், எந்த வரிசை என்று பார்த்த பிறகு. மேலோட்டைப் பிளந்துகொண்டு ஏறும் பாறைக்குழம்பு, அமுக்கம் குறைந்த பக்கமாகவே பாறையை விலக்குகிறது என்பதால், பிளவு கிடைமட்ட அமுக்கம் மிகுந்த திசையை ஒட்டி நீள்கிறது. அதன் மேல்தான் கூம்புகள் முளைக்கின்றன. ஜப்பானிய எரிமலையியலாளர் கசுவாகி நகாமுரா 1977இல் வகுத்துத் தந்த முறை இது. ஃபூஜியில் 864இல் வடமேற்குச் சரிவும் 1707இல் தென்கிழக்குச் சரிவும் வெடித்தன. பிலிப்பைன் கடல் தட்டு வடமேற்காக முட்டுவதோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் உச்சியை ஒட்டிய பிளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே நடுக்குழாயில் உள்ள குழம்பின் அழுத்தம் சுற்றிலும் தள்ளுவதால், பிளவுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல எல்லாத் திசையிலும் கிளம்பும். விலகிப் போகப் போகத்தான் அவை வட்டாரத் தகைவுக்குப் பணிந்து வளையும். அமெரிக்காவின் கொலராடோவில், ஸ்பானிஷ் பீக்ஸ் மலைகளைச் சுற்றி மேற்பாறை அரித்துப்போய்விட்டதால், ஆரமாகக் கிளம்பிய டைக் சுவர்கள் (பிளவில் குழம்பு உறைந்து உருவானவை) தொலைவில் ஏறத்தாழக் கிழக்கு–மேற்காகத் திரும்புவதைத் தரையிலேயே காணலாம். உச்சியருகே மட்டும் அளந்தவருக்கு எந்தத் திசையும் கிடைக்கும், அதாவது எதுவும் கிடைக்காது.

இனி, நான் எல்லோரிடமும் சொல்லி அலுத்த எச்சரிக்கை. பிராஜெக்ட் சென்டர்களில் காசுக்கு விற்கும் கோட்டு வரைபடத்தை (நிலத்தில் கோடாகத் தெரிபவற்றைக் குறித்த படத்தை) வாங்கி ஒட்டாதீர்கள். உயரத் தரவுக்கு ஒரே பக்கமிருந்து ஒளி கொடுத்து மென்பொருளை ஓடவிட்டால், அந்த ஒளிக்குக் குறுக்கே உள்ள மேடுகள் மட்டுமே பளிச்செனத் தெரியும். அந்தக் கோடுகளைத் தகைவு என்று பெயரிட்டுத் தந்துவிடுகிறார்கள். கூம்பின் வாய் ஒரு பக்கம் உடைந்திருப்பதையும் அவர்கள் அம்புக்குறியாக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரிவின் தாழ்ந்த பக்கம் லாவா பிய்த்துக்கொண்டு போன இடம். அடிவாரம் நீள்வட்டமாகி, வாயும் அதே போக்கில் நீண்டிருந்தால்தான் பிளவின் சாட்சி. திசைகளைத் தொகுத்துக் காட்டும் ரோஜா வரைபடம் அழகாக இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போடும் நம் மதிப்பீட்டு முறையில், கூம்புகளின் வயது என்ன என்று வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்பதில்லை.

கேட்காவிட்டாலும் எழுதுங்கள். ஒவ்வொரு கூம்பும் தான் வெடித்த காலத்துத் தகைவையே பதிந்து வைத்திருக்கிறது என்பதால், ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில் பிறந்தவற்றை ஒரே கோட்டில் கோத்துவிடாமல், வயது தெரிந்தவற்றைத் தனியே பிரித்து, உச்சியிலிருந்து தள்ளி நிற்பவற்றை மட்டும் அளந்து திசை சொல்லுங்கள்.