செண்பகம் என்ற பெயர் தமிழா, வடமொழியா?

சேலத்தில் பிறந்த மகளுக்குப் பாட்டியின் பெயரான செண்பகத்தை வைக்கலாமா, அது தமிழ்ப்பெயர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லின் வேர் வடமொழியின் 'சம்பகம்' என்பதே ஆயினும், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் 'பெருந்தண் சண்பகம்' இடம்பெறுவதால், சங்க காலத்திலேயே அது தமிழில் வேரூன்றிவிட்டது. சண்பகமே பேச்சுவழக்கில் செண்பகம் ஆயிற்று.

பெண்பெயராக இது பரவியதில் கோயிலுக்குப் பெரும் பங்குண்டு. கோவில்பட்டியில் அம்மனின் திருப்பெயரே செண்பகவல்லி. பாட்டிமார் தலைமுறையில் தெருவுக்கொருவர் இருந்த இப்பெயர், குறுகிய, புதுமையான ஒலியுள்ள பெயர்களின் மீது பெற்றோர் நாட்டம் திரும்பியபின் அருகிவிட்டது, எனக்கு அது வருத்தமே.

ஒருமுறை ஏற்காட்டுக்குச் சென்று, உயர்ந்த செண்பக மரத்தடியில் நின்று பாருங்கள். விரல் நீள, பொன்மஞ்சள் இதழ்கள் சருகுகளுக்கிடையே உதிர்ந்து கிடக்கும்; ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துவைத்தால், பூ வாடிப் பழுப்பேறிய பின்னும் துணியில் மணம் தங்கியிருக்கும். பாட்டியின் பெயரைத் தயங்காமல் வையுங்கள். 'செண்பா' என்று அழைக்கவும் இனிமையாக இருக்கும்.